மேலிட உத்தரவு

அணைத் துறை அலுவலகத்தில் அவரைப் பூட்டு சார் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பதிவறைக்குப் பொறுப்பு அவர். மாலையில் அறையைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், படி இறங்குவார், பாதிப் படியில் சந்தேகம் வந்து மறுபடி ஏறிப்போய் இழுத்துப் பார்ப்பார். "சார், அந்தப் பூட்டுக்கே உங்களைப் பார்த்து அலுத்துப் போயிருக்கும்" என்று தட்டச்சுப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். மறுநாளும் ஏறிப்போவார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அரசாங்கத்தில் காகிதம் தொலைவதைப் போலச் சுலபமாக வேறெதுவும் நடப்பதில்லை. அந்தப் பதிவறைக் கூரை நான்கைந்து இடங்களில் ஒழுகியது. மழை வந்தால் கோப்புகளுக்கு நடுவே வாளி வைப்பார்கள். மர அடுக்குகளைக் கரையான் ஒரு பக்கமும் எலி ஒரு பக்கமும் பங்கு பிரித்துக்கொண்டிருந்தன. இவை போதாதென்று, "சும்மா ஒரு நாள் பார்த்துட்டுத் தரேன்" என்று கோப்பை வீட்டுக்கு எடுத்துப்போகும் அதிகாரிகள். கரையானாவது பாதியை மிச்சம் வைக்கும்.

கண்காணிப்பாளர் அறையில் மட்டும் ஓர் இரும்பு பீரோ இருந்தது. இரகசியக் கோப்புகளுக்கென்று வாங்கியது. அதற்குள் மழை போகாது, எலி போகாது. அதிலிருந்து ஒரு தாளை எடுக்க வேண்டுமானால் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதனால் பதிவறையில் காலங்காலமாக ஒரு வழக்கம் இருந்து வந்தது. எந்தக் கோப்பு தொலையக்கூடாது என்று படுகிறதோ அதன் தலையில் சிவப்பு மையில் 'இரகசியம்' என்று ஒரு குத்து. பதிவேட்டில் 'யாருடைய உத்தரவு' என்ற கட்டத்தில் 'மேலிட உத்தரவு' என்று எழுதிவிட்டால் முடிந்தது. பூட்டு சாருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். தோட்டத்துக்கு மண்வெட்டி வாங்கிய கோப்புகூட அந்த பீரோவில் அரசாங்க இரகசியமாக உட்கார்ந்திருந்தது. யாரும் ஒரு நாளும் எந்த மேலிடம் என்று கேட்டதில்லை.

பூட்டு சாருக்கு ஒரே தங்கை. தங்கையின் கணவர் அதே துறையில், ஊருக்கு மேலே உள்ள அணையில் மதகு இயக்குபவர். அதிகம் பேசாத மனுஷர். மச்சான் வீட்டுக்கு வந்தாலும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்ததைக் குடித்துவிட்டு, "அப்ப நான் வரேன்" என்று கிளம்பிவிடுவார். "மாப்பிள்ளை பேசின மொத்தப் பேச்சையும் சேர்த்தாலும் ஒரு தபால் கார்டு நிறையாது" என்பார் பூட்டு சாரின் மனைவி.

அந்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், பாதி திறந்திருந்த மதகுக் கதவின் ஒரு பக்கத்து இரும்புக் கயிறு அறுந்தது. கதவு சாய்ந்து சிக்கிக்கொண்டது. தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்தது. ஆற்றோரம் துணி துவைத்தவர்கள், மணல் திட்டில் படகு பழுதுபார்த்தவர்கள் என்று சிலரை அள்ளிக்கொண்டு போயிற்று. மாப்பிள்ளையும் போனார். மதகு மேடையின் கீழ்ப் படியில் அவருடைய ஒரு செருப்பு மட்டும் கிடைத்தது.

அபாயச் சங்கு ஊதவில்லை. அதுதான் ஊரெல்லாம் பேச்சு. சங்கு ஏன் ஊதவில்லை? சாப்பிட்டுவிட்டு ஆள் தூங்கிவிட்டான். இதை முதலில் யார் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது; சாயங்காலத்துக்குள் கண்ணால் பார்த்ததைப் போலச் சொல்ல ஆள் வந்துவிட்டது. துறையும் கையைக் கழுவிக்கொண்டது. 'பணியில் கவனக்குறைவால் நேர்ந்த மரணம்' என்று தங்கைக்கு ஓர் உத்தரவு வந்தது.

தங்கை வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துப் பள்ளிச் சீருடை தைப்பவள். ஆற்றோரக் கீழ்த்தெருப் பெண்கள் துணி கொண்டுவருவதை நிறுத்தினார்கள். கொடுத்திருந்ததையும் வெட்டாமலேயே திருப்பி வாங்கிப்போனாள் ஒருத்தி. மகளைப் பள்ளிக்கூடத்தில் 'தூங்குமூஞ்சி' என்று கூப்பிட்டார்கள். வகுப்பில் அவள் கொட்டாவி விட்டால்கூடச் சிரித்தார்களாம். அந்தப் பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டே உட்காரப் பழகிவிட்டது.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ணா" என்றாள் தங்கை. "அவர் தூங்கலன்னு யாராவது ஒரு பெரிய மனுஷர் எழுதிக் கொடுக்கணும். அவ்வளவுதான். அதை நான் வாசல்ல ஒட்டி வைப்பேன்."

துறைக்குள் ஒரு விசாரணை நடந்தது. விசாரித்தவர் அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிற பொறியாளர். இனி யாருக்கும் சலாம் போட வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். அறிக்கை ஒரு காலையில் பதிவறைக்கு வந்து சேர்ந்தது.

பதிவறைக்காரர்கள் கோப்பைப் படிக்கக்கூடாது. தலைப்பைப் பார்க்கலாம், எண்ணைப் பார்க்கலாம், உரிய இடத்தில் வைக்கலாம். பூட்டு சார் தன் உத்தியோக காலம் முழுக்க அதை மீறியதில்லை. அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே படித்தார்.

சங்கு மழைக்கு முன்பே கெட்டுப்போயிருந்தது. பழுதுபார்க்கச் சொல்லி மாப்பிள்ளை எழுதிக் கொடுத்த விண்ணப்பங்கள் இணைப்பில் இருந்தன. கயிறு இற்றுவிட்டது, மாற்ற வேண்டும் என்று அணைப் பொறியாளர் எழுதியதும் இருந்தது. மேலே 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று ஒரு குறிப்பு. கயிறு அறுந்ததும் மாப்பிள்ளை கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்திருக்கிறார். கரையோரமாகக் கத்திக்கொண்டே ஓடியிருக்கிறார். பிறகு திரும்பி வந்து, கைப்பிடியால் கதவை இறக்கப் பார்த்திருக்கிறார். படிகளில் தண்ணீர் ஏறும்வரை பிடியை விடவில்லை என்று எழுதியிருந்தது. ஒரு தபால் கார்டு நிறையாத மனுஷர் ஆறு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். பூட்டு சார் அடுக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. தலைமைப் பொறியாளரின் உதவியாளன். "சார், அந்த அணை ரிப்போர்ட் வந்துடுச்சாமே? பெரியவர் சும்மா ஒரு நாள் பார்க்கணுமாம்."

சும்மா ஒரு நாள் போன கோப்புகள் எங்கே போயின என்று பூட்டு சாரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? "இருங்க, பதிஞ்சு தரேன்" என்று உள்ளே திரும்பினார். முத்திரையை எடுத்தார். சிவப்பு மையில் அழுத்தி, அறிக்கையின் முதல் பக்கத்து நெற்றியில் குத்தினார். பதிவேட்டில் 'மேலிட உத்தரவு' என்று எழுதினார். "இது இரகசியம் தம்பி. பெரியவரே கையெழுத்துப் போட்டு எடுக்கணும்" என்றார். உதவியாளன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். கையெழுத்துப் போட்டு அதை எடுக்க யாரும் வரவில்லை.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். நாக்கு நுனிவரை வந்ததை மென்று விழுங்கினார். "கேஸ் போடும்மா. விசாரணை ரிப்போர்ட்டைக் கேளு. அது பத்திரமா இருக்கு. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல முடியாது." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். துக்க வீட்டில் அன்றுதான் முதல்முறையாக அண்ணனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

கேஸ் போட்டாள். அறிக்கையைத் தாக்கல் செய்யச் சொல்லி அவளுடைய வக்கீல் மனு கொடுத்தார். பதிலுக்குத் துறைச் செயலாளர் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். பொதுநலனுக்குக் கேடு வரும் என்றால் ஓர் ஆவணத்தைக் கோர்ட்டுக்குக்கூடக் காட்ட மாட்டேன் என்று சொல்ல அரசாங்கத்துக்கு ஓர் உரிமை இருக்கிறது. சிறப்புரிமை என்று அதற்குப் பெயர். நாட்டுக்கு ஆபத்து வரும் விஷயமென்றால் இருந்துவிட்டுப் போகட்டும். இற்றுப்போன கயிறும் ஊதாத சங்கும் எந்த எதிரிக்குத் தெரிந்து எந்தக் கோட்டை விழப்போகிறது? ஆனால் பத்திரம் கம்பீரமாகத்தான் இருந்தது: 'உரிய அதிகாரிகள் ஆழ்ந்து பரிசீலித்து, அறிக்கை கிடைத்த அன்றே இதை இரகசிய ஆவணமாக வகைப்படுத்தியுள்ளனர்.'

அதன் நகல் பதிவறைக்கு வந்தது. படித்ததும் பூட்டு சார் பதிவறையைப் பூட்டினார். நேராகக் கண்காணிப்பாளரிடம் போனார். அந்த அம்மாள் நல்லவர்தான், பயந்தவர், அவ்வளவே.

"மேடம், அந்த முத்திரை யாரும் சொல்லிக் குத்தினதில்ல. நான்தான் குத்தினேன். காணாமப் போயிடக்கூடாதேன்னு..."

அம்மாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "பதிவேட்டுல என்ன எழுதியிருக்கீங்க?"

"மேலிட உத்தரவுன்னு. வழக்கமா அப்படித்தானே எழுதுவோம்?"

"எந்த மேலிடம்?"

பூட்டு சார் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தார். அம்மாள் வந்து நாற்காலியில் சாய்ந்தார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை. "ஆழ்ந்து பரிசீலிச்ச உரிய அதிகாரி நீங்கதானா? செயலாளர் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டாச்சு சார். இப்ப போய் இதைச் சொன்னா அவர் பொய் சத்தியம் பண்ணினதா ஆகும். உங்களையும் விட மாட்டாங்க, என்னையும் விட மாட்டாங்க."

"முத்திரையை எடுத்துடலாமே மேடம்?"

"எடுக்கணும்னா போட்டவங்க எழுதித் தரணும். போட்டது மேலிடம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. போய் மேலிடத்தைக் கூட்டிட்டு வாங்க."

எங்கே போய்த் தேடுவார்? அந்த அலுவலகத்தில் இரகசியமாக்க ஒரு முத்திரை இருந்தது. இரகசியத்தை நீக்க ஒரு முத்திரை செய்யவேண்டுமென்று யாருக்கும் தோன்றியதில்லை. சில நாள் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

நீதிபதி ஒரு காரியம் செய்தார். அறிக்கையை மூடி முத்திரையிட்ட உறையில் கொண்டு வாருங்கள், நானே படித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு பெரிய மனுஷர் படிக்கப்போகிறார் அல்லவா? உறையைக் கொண்டுபோக வேண்டியவர் பதிவறைப் பொறுப்பாளர். வேறு யார்? பூட்டு சார்தான்.

துறை ஜீப்பில், அரக்கு வைத்த உறையை மடியில் வைத்துக்கொண்டு போனார். கோர்ட்டில் கூப்பிடும்வரை வெளி நடையில் காத்திருக்கச் சொன்னார்கள். அங்கே ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. தங்கை அதில் உட்கார்ந்திருந்தாள். நகர்ந்து இடம் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து உறையை இருவருக்கும் நடுவில் வைத்தார். பிறகு, வைக்கக்கூடாது என்று நினைவு வந்து, எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அதுலதான் இருக்காண்ணா?"

"ம்."

"நீ படிச்சியா?"

பக்கத்திலேயே அரசு வக்கீல் நின்று ஜூனியரோடு பேசிக்கொண்டிருந்தார். பூட்டு சார் உறையின் மேலிருந்த அரக்கைப் பார்த்தார். "கூப்பிடுவாங்கம்மா, இரு" என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை. தன் முந்தானையால் அவருடைய சட்டைக் காலரில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

அரசு வக்கீல் திரும்பினார். "நீங்கதானே ரெக்கார்ட் ரூம்? பிரமாதம் சார். வந்த அன்னைக்கே முத்திரை குத்தி வெச்சிருக்கீங்க. அதை வெச்சுத்தான் நான் வாதமே பண்ணப்போறேன்." தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பூட்டு சாருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். நடந்து போகும்போதே அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வேலை போனால் போகட்டும், ஜெயில் என்றால் ஜெயில். உறையைக் கையில் பிடித்தபடி, "ஐயா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். அவர் வாழ்க்கையில் இத்தனை சத்தமாக ஒரு கூட்டத்தில் பேசியதே இல்லை.

நீதிபதி நிமிர்ந்தார். "நீங்க சாட்சியா?"

"இல்லைங்கய்யா."

"வக்கீலா?"

"இல்லைங்கய்யா."

"பின்ன யாரு?"

"கவர் கொண்டு வந்தவன்."

"அப்ப கவரைக் கொடுத்துட்டு உக்காருங்க."

கொடுத்தார். உட்கார்ந்தார். கால்கள் தானாகவே உட்கார்ந்துவிட்டன. இத்தனை வருஷமாக மேலிடம் சொன்னதைக் கேட்டே பழகிய கால்கள்.

நீதிபதி தன் அறைக்குப் போனார். எல்லோரும் காத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார். உட்கார்ந்ததும் ஒரு கணம் தங்கையைப் பார்த்தார். பூட்டு சார் அந்தப் பார்வையைப் பார்த்தார். தான் அடுக்கைப் பிடித்துக்கொண்டு அழுத அந்தப் பக்கத்தை இவரும் படித்துவிட்டார் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. சொல்லிவிடுவார் என்று நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

தங்கையின் வக்கீல் எழுந்தார். "முழு அறிக்கையும் வேணாங்கய்யா. அவர் முழிச்சிருந்தாரா இல்லையா, அந்த ஒரு வரி மட்டும் கொடுத்தாப் போதும்."

"ஒரு வரி கொடுத்தா, அடுத்த வரி என்னன்னு கேட்பீங்க" என்றார் நீதிபதி. கடுமையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்தார். பிறகு உத்தரவைச் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொண்டார். அணைகளின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. அதிகாரிகள் மனம் திறந்து எழுதியதை வெளியிட்டால் நாளைக்கு யாரும் மனம் திறந்து எழுத மாட்டார்கள். மேலும், இந்த வழக்கு வருவதற்கு வெகு முன்பே, கிடைத்த அன்றே துறை இதை இரகசியமாக்கியிருக்கிறது. ஆகவே எதையோ மறைப்பதற்காகப் பின்னால் கண்டுபிடித்த காரணம் இது என்று கருத முடியாது. சிறப்புரிமை ஏற்கப்படுகிறது. உறை மறுபடி அரக்கு வைக்கப்பட்டு, கொண்டு வந்தவர் கையிலேயே கொடுக்கப்பட்டது.

அன்று சாயங்காலமே அவர் தங்கையின் வக்கீலைப் போய்ப் பார்த்து முத்திரைக் கதையைக் கொட்டினார். வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "முத்திரை இல்லாட்டியும் அவங்க கேட்டிருப்பாங்க சார். ஜட்ஜு கொஞ்சம் யோசிச்சிருப்பாரு, அவ்வளவுதான்" என்றார். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று பூட்டு சார் கேட்கவில்லை. மேலே முறையிட்டார்கள். மேல் கோர்ட்டு, படித்துப் பார்த்த நீதிபதியே சொல்லிவிட்டாரே என்றது. கட்டுப்பாட்டு அறைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அறிக்கையில் உள்ளதைப் பற்றி அவர் வாய் திறக்கவும் அதே தடை. கடைசியில் கேஸ் தள்ளுபடி. கணவர் கவனமாக இருந்தார் என்பதற்கு மனுதாரர் தரப்பில் எந்த ஆதாரமும் இல்லையாம். ஆதாரத்தைப் படித்துவிட்டு மூடிவைத்த அதே கோர்ட்டுதான் இப்படி எழுதியது. இதைப் படித்துவிட்டுக் கோபம் வராதவர்கள் பாக்கியசாலிகள்.

பூட்டு சார் தங்கையிடமும் சொன்னார், முத்திரை குத்தியது தான்தான் என்று. அவள் மிஷினை நிறுத்தினாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "காப்பாத்தணும்னுதானேண்ணா செஞ்சே" என்றாள். மறுபடி மிஷினை ஓட்டினாள். அதன் பிறகு அண்ணன் வந்தால் டீ கொடுத்தாள், சாப்பிடச் சொன்னாள், எல்லாம் செய்தாள். கேஸைப் பற்றி மட்டும் பேசவில்லை.

பூட்டு சார் வழக்கமாக முகச் சவரத்துக்குப் போவது கீழ்த்தெரு சலூனுக்கு. அந்தச் சலூன்காரரின் அண்ணன் அன்று படகு பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர். அது நடந்ததிலிருந்து பூட்டு சார் அங்கே போகவில்லை. தீர்ப்புக்கு அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழியில் பார்த்துவிட்டு, "ஏன் சார் நம்ம கடையை மறந்துட்டீங்க?" என்று சலூன்காரரே கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தார். கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, நுரை தடவி, கத்தியைத் தீட்டினார்.

"கோர்ட்டே பார்த்துட்டுக் கொடுக்க மாட்டேன்னுடுச்சாமே சார்?" என்றார். பகையாகக் கேட்கவில்லை, ஊர்க் கதை பேசுகிற தோரணைதான். "அப்ப தூங்கினது மட்டும் இருக்காது. வெறும் தூக்கத்துக்கா இவ்வளவு மூடி மறைப்பாங்க? குடிச்சிருந்தான்னு ஒருத்தர் சொல்றாரு. மணல்காரங்ககிட்ட கை நீட்டித் திறந்துவிட்டான்னு இன்னொருத்தர் சொல்றாரு. நெருப்பில்லாமப் புகையுமா?"

கத்தி தொண்டைக் குழிக்கு மேலே இருந்தது. பூட்டு சார் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். பாதி நுரை, பாதி தோல். யார் கேட்டாலும் சொல்லாமல், தங்கை கேட்டும் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தது அன்று அடங்கவில்லை.

"அவர் தூங்கல" என்றார்.

கத்தி நின்றது. "என்ன சார்?"

"தூங்கல. குடிக்கல. சங்கு கெட்டுப்போயிருந்தது. போன் பண்ணிக்கிட்டே இருந்தாரு. கரையில கத்திக்கிட்டே ஓடினாரு. உங்க அண்ணனைக்கூடக் கூப்பிட்டுத்தான் கத்தியிருப்பாரு. நான் படிச்சேன். என் கண்ணால படிச்சேன்."

காத்திருந்தவர்கள் கையிலிருந்த பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்கள். சலூன்காரர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. நொந்துபோன மனுஷனைப் பார்க்கிற இரக்கம்தான் இருந்தது.

"உங்க தங்கச்சி வீட்டுக்காரரில்லையா சார்? நீங்க அப்படித்தான் சொல்லணும்" என்று தோளை மெல்லத் தட்டினார். "எங்க அண்ணனா இருந்தா நானும் இப்படித்தான் சொல்லியிருப்பேன்."

பேப்பர்கள் மறுபடி உயர்ந்தன.

"தாடையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றார் சலூன்காரர்.

பூட்டு சார் தூக்கினார்.